சக்கையில் கிடைத்த கிருமியும் 22 எழுத்துச் சீட்டும்

கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்திருக்கும். ஆறு மாசம் கீமோ முடிந்திருக்கும். ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கும். வீட்டில் குலசாமிக்கு நேர்ந்ததைக்கூடச் செலுத்தியிருப்பார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, கல்லீரலில் திரும்ப வந்து நிற்கும். அப்போது கூட வந்திருக்கும் மகனோ மகளோ கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எல்லா மருந்தும் முழுசா எடுத்தாங்களே டாக்டர், அப்புறம் ஏன் திரும்ப வந்துச்சு?"

நாங்கள் வழக்கமாகச் சொல்வது, "சில செல்கள் மருந்துக்குக் கட்டுப்படாதுங்க." யோசித்துப் பார்த்தால் இது பதிலே இல்லை. கேட்டதையே திருப்பிச் சொல்வது. ஏன் கட்டுப்படாது?

2017ல் ஷாங்காயிலிருந்து வந்த ஒரு ஆய்வு இதற்கு ஒரு பகுதி பதில் தந்தது. அந்தப் பதிலில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒன்று, நம் வாயில் பல் இடுக்கில் வாழும் ஒரு பாக்டீரியா. இன்னொன்று, சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டி ஆர்.என்.ஏ. இந்த ரெண்டு பேரையும் விஞ்ஞானம் பல வருஷம் கண்டுகொள்ளவே இல்லை. ஏன் கண்டுகொள்ளவில்லை, எப்படி வெளியே வந்தார்கள் என்பதுதான் இந்த இழை.

முதலில் கிருமியின் பக்கம்.

"கிருமியால கேன்சர் வருமா?" என்ற கேள்விக்கு ஒரு நோபல் பரிசே கொடுத்து, பிறகு மருத்துவ உலகம் அசடு வழிந்த கதை உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் யோஹன்னஸ் ஃபிபிகர் என்ற நோய்க்கூறியல் அறிஞர் இருந்தார். கரப்பான் பூச்சி வழியாக எலிகளுக்குள் போகும் ஒரு புழு, அவற்றின் இரைப்பையில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று 1913ல் அறிவித்தார். 1926ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது. பிற்பாடு மற்றவர்கள் சோதித்தபோது பார்த்தால், எலிகளுக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை. அவர் புற்றுநோய் என்று பார்த்தவை பெரும்பாலும் புற்றுநோயே இல்லை. இந்தத் தகவல் எல்லாம் வருவதற்கு முன்பே, 1928 ஜனவரியில் ஃபிபிகர் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு இருந்த நோய் என்ன தெரியுமா? பெருங்குடல் புற்றுநோய்.

சூடு கண்ட பூனைதான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு "தொற்றால் புற்றுநோய்" என்று யாராவது ஆரம்பித்தாலே மருத்துவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தச் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை.

ஆனால் தடயங்கள் வந்துகொண்டே இருந்தன. 1951ல் மெக்காய், மேசன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இதய வால்வில் பாக்டீரியா தொற்று, கூடவே பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய். தற்செயல் என்று விட்டுவிடலாம். 1977ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் க்ளைன் குழுவினர் எண்ணிக்கையோடு வந்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா, பெருங்குடல் புற்றுநோய் உள்ள 63 பேரில் 35 பேரின் மலத்தில் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 105 பேரில் 11 பேரிடம்தான் இருந்தது.

இன்றைக்கும் ரத்தப் பரிசோதனையில் இந்தக் கிருமி வளர்ந்தால், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதோடு நிற்க மாட்டோம். கொலனோஸ்கோப்பி செய்யச் சொல்வோம். "காய்ச்சலுக்கு வந்தா எதுக்கு டாக்டர் ஆசனவாய் வழியா கேமரா?" என்று கேட்பவர்களுக்கு விடை 1977ல் இருக்கிறது.

இருந்தாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. கிருமியால் புற்றுநோய் வந்ததா, இல்லை, புற்றுநோய்க் கட்டி புண்ணாகி இடம் கொடுத்ததால் கிருமி குடியேறியதா? திருடன் உடைத்த வீடா, உடைந்து கிடந்த வீட்டில் திருடன் புகுந்தானா? இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை கூட வரும்.

1984ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் ஹெலிகோபாக்டர் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1994ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், அந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அடைத்த கதவு திறந்தது அப்போதுதான். ஆனால் இரைப்பையில் அமிலம் இருப்பதால் அதிகக் கிருமிகள் இல்லை, குற்றவாளியைப் பிடிப்பது சுலபம். பெருங்குடல் திருவிழாக் கூட்டம். கோடானுகோடி பாக்டீரியாக்களில் யாரைப் பிடிப்பது?

அதை அப்படியே நிறுத்திவிட்டு, இப்போது ஒரு புழுவைப் பார்க்கப் போகலாம். ஃபிபிகரின் புழு இல்லை. சி. எலிகன்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, யாருக்கும் தொல்லை தராத மண்புழுதி வாசி.

அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்று இரண்டு பேர் ஒரே ஆய்வகத்தில் ஒன்றாக இருந்தவர்கள், பிறகு தனித்தனி ஆய்வகம் அமைத்துக்கொண்டார்கள். இந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணு கெட்டுப்போனால், குட்டிப் பருவத்து வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும், முழு வளர்ச்சி அடையாது. அந்த மரபணு எந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது என்று ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரொசாலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் வருஷக்கணக்கில் தேடினார்கள். புரதமே இல்லை. கிடைத்தது 22 எழுத்து ஆர்.என்.ஏ. துணுக்கு. அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் இவ்வளவு சின்னதாக ஏதாவது வந்தால், "சிதைஞ்சு போன ஆர்.என்.ஏ." என்று கழுவி ஊற்றிவிடுவார்கள்.

1992ல் ஆம்ப்ரோஸும் ரவ்கனும் தங்களிடம் இருந்த எழுத்து வரிசைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து ஒப்பிட்டார்கள். லின்-4 துணுக்கு, ரவ்கன் ஆராய்ந்துவந்த லின்-14 என்ற மரபணுவின் செய்திநகலில், வால் பகுதியில் போய்ப் பொருந்தியது. ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில்.

இதை வீட்டுச் சமையலை வைத்துச் சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது பீரோவில் பூட்டிய சமையல் புத்தகம். அதை யாரும் அடுப்படிக்குக் கொண்டுவர மாட்டார்கள். தேவையான பக்கத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தத் தாள்தான் செய்தி ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துச் சமைப்பது புரதம். இப்போது யாரோ ஒரு குட்டிச் சீட்டில் "இன்னிக்கு இது வேண்டாம்" என்று எழுதி, அந்தத் தாளின் கடைசி வரிக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். புத்தகம் அப்படியே இருக்கிறது, தாளும் இருக்கிறது, சமையல் மட்டும் நடக்கவில்லை. அந்தச் சீட்டுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

1993 டிசம்பரில் 'செல்' இதழில் இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்து வந்தன. உலகம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. புழுவில் நடக்கும் ஒரு விசித்திரம் என்று நகர்ந்துவிட்டது. ஆம்ப்ரோஸுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பணிகூடக் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, 2000ல், ரவ்கன் குழு லெட்-7 என்ற இன்னொரு சீட்டைக் கண்டுபிடித்தது. அது மனிதனிடமும் இருந்தது, ஈயிடமும் இருந்தது, மீனிடமும் இருந்தது. அப்புறம்தான் எல்லோரும் ஓடிவந்தார்கள். இன்று மனிதனிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தெரியும். நோபல் பரிசு 2024ல் வந்தது, கட்டுரைக்கு 31 வருஷம் கழித்து.

ஒரு சின்ன இடைச்செருகல். இப்படி ஆர்.என்.ஏ.யால் மரபணுவை அடக்கும் வித்தையை பாக்டீரியாவில் 1984லேயே பார்த்துவிட்டார்கள். ஈ.கோலையில் மைக்-எஃப் என்ற துணுக்கு அதைச் செய்தது. புழுவுக்கும் நமக்கும் இருக்கும் வித்தையின் வேறொரு வடிவம் குடல் பாக்டீரியாவிடம் ஏற்கனவே இருந்தது.

புற்றுநோயோடு முதல் முடிச்சு 2002ல் விழுந்தது. கார்லோ க்ரோச்சேவின் ஆய்வகத்தில் ஜார்ஜ் காலின், ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் மிர்-15, மிர்-16 என்ற இரண்டு சீட்டுகள் தொலைந்துபோயிருப்பதைக் காட்டினார். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து மைக்கேல் குழு பெருங்குடலுக்கு வந்தது. மிர்-143, மிர்-145 இரண்டும் குடல் கட்டிகளில் குறைந்திருந்தன. முற்றிய புற்றுநோயில் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய பாலிப் நிலையிலேயே. 2008ல் இன்னொரு ஆய்வு வேறு திசையைக் காட்டியது: மிர்-21 என்ற சீட்டு பெருங்குடல் புற்றுநோயில் அதிகமாக இருந்தது, அது அதிகமுள்ளவர்கள் குறைவான காலமே உயிர்வாழ்ந்தார்கள். சில சீட்டுகள் புற்றுநோயைத் தடுப்பவை, அவை குறைகின்றன. சில சீட்டுகள் செல்லின் பிரேக்கையே பிடுங்குபவை, அவை கூடுகின்றன.

ஆனால் கூட்டுவதும் குறைப்பதும் யார்?

இங்கேதான் கிருமிக்கதை திரும்ப வருகிறது.

2011ல் இரண்டு குழுக்கள், ஒன்று கனடாவின் வான்கூவரில், ஒன்று அமெரிக்காவின் பாஸ்டனில், ஏறக்குறைய ஒரே யோசனையில் இருந்தன. பெருங்குடல் கட்டியிலிருந்து எடுத்த மரபுப்பொருளை எழுத்து எழுத்தாகப் படிக்கும்போது, மனிதனுடையது இல்லாத எழுத்துகளும் கொஞ்சம் வரும். வழக்கமாக அதை ஒதுக்கிவிடுவார்கள். தேங்காய்ப்பால் பிழிந்த பிறகு சக்கையை என்ன செய்வோம், அதேதான். இந்த இரண்டு குழுவும் பாலை ஓரமாக வைத்துவிட்டு, சக்கையைப் படித்தன.

வான்கூவரில் 11 நோயாளிகளின் கட்டியையும், அதே நோயாளியின் நல்ல குடல் பகுதியையும் வைத்து ஆரம்பித்தார்கள். பாஸ்டனில் 9 ஜோடி. இரண்டு இடத்திலும் சக்கையில் ஒரே பெயர் மேலே வந்து நின்றது: ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். நம்பமுடியாமல் வான்கூவர்காரர்கள் 99 ஜோடிகளிலும், பாஸ்டன்காரர்கள் 95 ஜோடிகளிலும் சரிபார்த்தார்கள். கட்டியில் கூடுதல், பக்கத்து நல்ல திசுவில் குறைவு.

இதில் ஆச்சரியப்பட்டவர்கள் பல் மருத்துவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு இது தினமும் பார்க்கிற ஆள். இரண்டு முனையும் கூம்பிய, நூல் நூற்கும் கதிர் மாதிரியான வடிவம். பற்காரையில் மற்ற பாக்டீரியாக்களைக் கைகோத்துப் பிடித்துக்கொடுக்கும் வேலை. ஈறு நோயில் நிறைய இருக்கும். அதற்குக் குடலில் என்ன வேலை?

2013ல் யிப்பிங் ஹான் குழு, இந்தக் கிருமியிடம் ஃபாட்-ஏ என்ற ஒட்டும் புரதம் இருப்பதையும், அது குடல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் கொக்கியில் போய் மாட்டி, செல்லுக்குள் "பெருகு" என்ற சமிக்ஞையைத் தூண்டுவதையும் காட்டியது. அதே நேரத்தில் பாஸ்டன் குழு, ஏற்கனவே குடல்கட்டி வரக்கூடிய வகை எலிகளுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்தபோது கட்டிகள் அதிகமாயின. (பிற்பாடு எல்லா எலி ஆய்விலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இப்போது இரண்டு கதையும் சேருகிற இடம். எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது.

2016, பாஸ்டன். ஷிராங் லியூ, ஹோவர்டு வைனர் குழு மலத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பதைப் பார்த்தது. குடல் செல்கள் சும்மா கொட்டியதா? சீட்டு தயாரிக்கும் நொதி குடல் செல்களில் இல்லாத எலிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் குடல் பாக்டீரியாக்களின் அமைப்பே தாறுமாறாக இருந்தது, குடல் அழற்சியும் கடுமையாக வந்தது. நல்ல எலிகளின் மலத்திலிருந்து எடுத்த சீட்டுகளைக் கொடுத்ததும் நிலைமை சீரானது. அதாவது, நம் குடல் செல்கள் எழுதி அனுப்பும் சீட்டு பாக்டீரியாவுக்குள்ளேயே போய், அதன் மரபணுக்களை மாற்றுகிறது! இன்னொன்றும் பார்த்தார்கள். மனிதனின் மிர்-515 வகைச் சீட்டு ஒன்றை ஆய்வகத்தில் வளர்க்கும் ஃபியூசோபாக்டீரியத்துக்குக் கொடுத்தால், அது நன்றாக வளர்ந்தது.

நாம் கிருமிக்குக் கடிதம் எழுதுகிறோம். கிருமி பதில் எழுதுமா?

எழுதியது. 2017ல் ஷாங்காயில் ஜிங்-யுவான் ஃபாங் குழு, கீமோவுக்குப் பிறகு புற்றுநோய் திரும்ப வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. திரும்ப வந்தவர்களின் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் கூடுதலாக இருந்தது. எப்படி என்று தோண்டினார்கள். குடல் செல்லின் மேல் டி.எல்.ஆர்.-4 என்ற அழைப்பு மணி இருக்கிறது, கிருமி வந்தால் எச்சரிக்க. ஃபியூசோபாக்டீரியம் அந்த மணியை அடித்ததும் இரண்டு சீட்டுகள் குறைகின்றன: மிர்-18ஏ ஸ்டார், மிர்-4802. இந்த இரண்டு சீட்டுகளின் வழக்கமான வேலை, ஆட்டோஃபேஜி என்ற செயலுக்குத் தேவையான புரதங்களை அடக்கி வைப்பது.

ஆட்டோஃபேஜி என்பது செல் தன்னிடமுள்ள பழுதான பாகங்களைத் தானே பிரித்து, உரித்து, மறுபடி பயன்படுத்திக்கொள்வது. பஞ்ச காலத்தில் வீட்டுச் சாமானை விற்றுச் சாப்பிடுகிற மாதிரி. நல்ல விஷயம்தான், 2016ல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் வாங்கிக் கொடுத்த விஷயம். ஆனால் புற்றுநோய் செல்லுக்கும் அதே வசதி கிடைக்கிறதே! ஆக்ஸாலிபிளாட்டினும் 5-எஃப்.யூ.வும் ஏற்றும்போது, சாக வேண்டிய செல் தன் உடைசல்களைத் தின்று தாக்குப்பிடிக்கிறது. பெருங்குடல் புற்றுநோயில் நாங்கள் அதிகம் கொடுக்கும் மருந்துகள் இவை இரண்டும்தான்.

அதே 2017ல் இன்னொரு சீனக் குழு, இதே கிருமி இதே அழைப்பு மணி வழியாக மிர்-21ஐ ஏற்றிவிடுவதைக் காட்டியது. 2008ல் "அதிகமானால் ஆபத்து" என்று பார்த்தோமே, அதே மிர்-21. அதைக் கூட்டும் கைகளில் ஒன்று யாருடையது என்பதற்கு ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த பதில்.

2017 இன்னும் முடியவில்லை. சூசன் புல்மன், மேத்யூ மெயர்சன் குழு, கல்லீரலுக்குப் பரவிய கட்டிக்குள்ளும் அதே ஃபியூசோபாக்டீரியம் உயிரோடு இருப்பதைக் காட்டியது. குடலிலிருந்து புற்றுநோய் செல் கிளம்பும்போது கிருமியும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. அந்த மனிதக் கட்டியை எலியில் வளர்த்து, மெட்ரோனிடசோல் கொடுத்தபோது கட்டி வளரும் வேகம் குறைந்தது.

நில்லுங்க. மெட்ரோனிடசோல் என்ற பெயரைப் படித்ததும் சிலர் மருந்துக்கடைக்குக் கிளம்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வயிற்றுப்போக்குக்குச் சீட்டில்லாமலே வாங்குகிற மாத்திரைதானே அது. தயவுசெய்து வேண்டாம். அது எலியில் பார்த்தது. மனிதனில் 5-எஃப்.யூ. ஏறிக்கொண்டிருக்கும்போது மெட்ரோனிடசோல் சேர்ந்தால், 5-எஃப்.யூ. உடலைவிட்டு வெளியேறுவது மெதுவாகி அதன் நச்சு விளைவுகள் அதிகமாகும். 1980களிலேயே பெருங்குடல் புற்றுநோயாளிகளிடமே பார்த்த விஷயம் இது. கீமோவில் இருப்பவர்கள் எந்த மாத்திரையானாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

சரி, அந்தப் பழைய முடிச்சு? திருடனா, உடைந்த வீடா?

ஃபியூசோபாக்டீரியத்தைப் பொறுத்தவரை, என் கணிப்பு: வீட்டை முதலில் உடைத்தது அது என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. உடைந்த வீட்டுக்குள் வந்து, மிச்சத்தையும் இடித்து, போலீஸ் வந்தால் திருடனைப் பின்வாசலால் தப்பிக்க விடுவதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. 2024ல் சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையம் இதைக் கொஞ்சம் கூர்மையாக்கியது. எல்லா ஃபியூசோபாக்டீரியமும் இல்லை, அதில் ஒரு குறிப்பிட்ட கிளைதான் கட்டிகளில் அதிகம். இரைப்பை அமிலத்தைத் தாங்கும் சக்தி அந்தக் கிளைக்கு உண்டு. வாயிலிருந்து குடலுக்கு எப்படி வந்தது என்ற பல் மருத்துவரின் கேள்விக்கு ஒரு வழி தெரிந்தது.

வீட்டையே உடைக்கும் ஆள் வேறொருவர் இருக்கலாம். ஈ.கோலையின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். அதற்கான மரபணுத் தொகுப்பை 2006ல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். 2020ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு, அந்த நஞ்சு மனிதக் குடல் செல்லின் டி.என்.ஏ.வில் விட்டுச்செல்லும் தனித்தழும்பை அடையாளம் கண்டது. அதாவது பீரோவில் இருக்கும் புத்தகத்தையே கிழிக்கிறது. 2025ல் 11 நாடுகளின் 981 பெருங்குடல் புற்றுநோய்களில் பார்த்தபோது, 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் இந்தத் தழும்பு சுமார் மூன்று மடங்கு அதிகமாகத் தெரிந்தது.

இதெல்லாம் படித்துவிட்டு "அப்போ இது ஒட்டுவாரொட்டியா?" என்று கேட்காதீர்கள். இல்லை. இந்தக் கிருமிகள் நோய் இல்லாத எத்தனையோ பேரிடம் ஏற்கனவே இருக்கின்றன. புற்றுநோய் வந்தவரின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிற வீடுகளை இன்னும் பார்க்கிறேன். அதற்கு எந்த அறிவியலும் இல்லை. "குடல் பாக்டீரியா டெஸ்ட்" என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு தரும் ரிப்போர்ட்டை வைத்து உங்களுக்குப் புற்றுநோய் வருமா வராதா என்று இன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ரத்தத்திலும் மலத்திலும் அளந்து நோயை முன்கூட்டியே பிடிக்கும் முயற்சி 2009 வாக்கிலிருந்தே நடக்கிறது. நம் வழக்கமான சிகிச்சைக்குள் அது இன்னும் வரவில்லை.

அந்த மகனுக்கோ மகளுக்கோ இப்போது நான் சொல்வது இது: "அப்பா மருந்தை ஒழுங்காத்தான் எடுத்தார். நீங்க எதையும் விடலை. சில கட்டிகள்ல ஒரு கிருமி உட்கார்ந்து, அந்த செல்கள் சாகாம இருக்க வழி காட்டுதுன்னு இப்ப தெரிய ஆரம்பிச்சிருக்கு. உங்க அப்பா கட்டியில அதுதான் நடந்ததான்னு சொல்ற அளவுக்கு நாங்க இன்னும் வரலை." அவர்கள் முகத்தில் முதலில் வருவது ஏமாற்றம் இல்லை, ஒரு சின்ன நிம்மதி. பத்தியம் தவறியதாலோ, வேண்டுதல் தவறியதாலோ வந்ததில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்த மாதிரி.

பிறகு அவர்களிடம் கேட்பேன்: "உங்க வயசு என்ன? அப்பாவுக்கு எத்தனை வயசுல வந்துச்சு?" பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், 40 வயதிலேயோ, அவர்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலேயோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோப்பி. பாலிப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருஷம் ஆகும். அதற்குள் பார்த்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தான், சூடு" என்று மோரைக் குடித்துவிட்டு வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்கள்தான் என் ஓ.பி.யில் அதிகம். மூலமாகவே இருக்கட்டும். ஒரு முறை பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.